அகால மரணம் என்று எப்போது எழுதலாம்? இறந்தவரின் வயதை அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர்ச் சங்கம் வெளியிடும் ஆண்டு மலரில், மறைந்த உறுப்பினர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, 66 வயதில் மாரடைப்பால் காலமான ஒருவரைப் பற்றி எழுதியபோது, அவர் மணிவிழாக் கண்டவர், பணி ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர் என்பதால் ‘நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்’ என்று முடித்திருந்தேன். மலர் வெளிவந்த வாரத்தில் அவருடைய 88 வயதுத் தாயார் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நிறைவாழ்வுன்னு போட்டிருக்கியே தம்பி, எனக்கு அப்புறம் அவன் போயிருந்தா அது சரி” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு, ஒரு மரணத்தை அகாலம் என்றோ நிறைவு என்றோ எழுதுவதற்கு முன் நான் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறேன். சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். நினைவு மலர், இரங்கற் குறிப்பு, குடும்ப வரலாறு, ஊர் வரலாறு ஆகியவற்றை எழுதுவோருக்கும், முன்னோர்களின் வயதைப் பார்த்து ‘இவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனார்’ என்று வியப்போருக்கும் அவை பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வயதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. நம் வீடுகளில் வயதை இரண்டு வகையாகச் சொல்கிறார்கள். ‘ஐம்பது முடிந்தது’ என்பது ஒன்று. ‘ஐம்பத்தொன்று நடக்கிறது’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வயதுதான். ஆனால் வீட்டார் ‘ஐம்பத்தொன்று’ என்று மட்டும் சொல்ல, எழுதுபவர் அதை நிறைந்த வயதாக எடுத்துக்கொண்டால் ஓராண்டு கூடிவிடும். கணக்கு எதுவானாலும் நிறைந்த வயதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பள்ளிச் சான்றிதழ். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியரே ஒரு பிறந்த நாளை எழுதிக்கொள்வது பரவலான வழக்கமாக இருந்தது. அப்படி எழுதப்பட்ட நாள் அந்தக் குழந்தையின் ஆயுள் முழுவதும் அரசு ஆவணங்களில் தொடர்ந்தது. ஆகவே மூத்தவர்கள் விஷயத்தில் ஜாதகத்தையும், உடன்பிறந்தோரின் வயது வரிசையையும், ‘பெரும்புயல் அடித்த ஆண்டில் பிறந்தவன்’ என்பது போன்ற வீட்டு நினைவையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஜாதகத்தில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால், அதே பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் எந்தச் சுற்று என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இறந்த நாளைக் கண்டறிவதில் இவ்வளவு தொல்லை இல்லை. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால், இறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

‘அகாலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு

நல்ல எண்ணத்தோடு எழுதியும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அகாலம் என்பது காலம் அல்லாத காலம். அதாவது வர வேண்டிய வேளைக்கு முன்பே வந்துவிட்ட சாவு. இது வயதைப் பற்றிய பொருள். ஆனால் பேச்சு வழக்கில், விபத்திலோ வன்முறையிலோ தன் கையாலோ நேர்ந்த சாவையும் அகால மரணம் என்கிறோம். துர்மரணம், அவமிருத்யு என்ற பழைய சொற்களும் இந்தப் பக்கம் சேர்ந்தவை. அப்படி இறந்தவர்கள் ஆயுள் முடியும் வரை அமைதியின்றி அலைவார்கள் என்ற நாட்டார் நம்பிக்கையும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புற்றுநோயால் 44 வயதில் இறந்த ஒருவரை நீங்கள் வயதை மனத்தில் வைத்து ‘அகால மரணமடைந்தார்’ என்று எழுத, தொலைவில் இருக்கும் உறவினர் அதைப் படித்துவிட்டு ‘என்ன நடந்தது?’ என்று வீட்டாரைத் துருவுவது உண்டு. துக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

சட்டத்தின் கணக்கு வேறு. ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்று காவல் துறை பதிவு செய்யும்போது அது இறந்த விதத்தை மட்டுமே குறிக்கிறது. விபத்தில் இறந்த 85 வயதுக்காரரும் அதில் அடங்குவார், காய்ச்சலில் இறந்த 20 வயதுக்காரர் அடங்கமாட்டார். எனவே வயதைத்தான் சொல்ல விரும்புகிறீர்கள் என்றால் ‘இளவயதில்’, ‘நடுவயதில்’ என்று வெளிப்படையாக எழுதி, காரணத்தையும் குடும்பத்தின் ஒப்புதலோடு ஒரு சொல்லில் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது. இந்தக் கட்டுரையில் இனி வரும் ‘அகாலம்’ வயதை மட்டுமே குறிக்கும்.

சராசரி ஆயுளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்

இந்தியரின் சராசரி ஆயுள் 70 என்று எங்கோ படித்திருப்போம். எனவே 72 வயதில் இறந்தவர் இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார் என்றும், 68 வயதில் இறந்தவர் இரண்டு ஆண்டு குறைவாக வாழ்ந்தார் என்றும் கணக்கிடத் தோன்றும். இந்தக் கணக்கு தவறானது. அந்த 70 என்ற எண், இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2016-20 காலத்துக்கான மதிப்பீடு. அது பிறக்கும் குழந்தைக்கு உரிய எண். பிறந்த அன்றே இறக்கும் குழந்தையின் பூஜ்யமும், நூறைத் தொட்ட பாட்டியின் நூறும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கரைந்திருக்கின்றன.

ஒரு சிறிய கற்பனைக் கணக்கு இதை விளக்கும். நூறாண்டுகளுக்கு முன்பு ஒரு தெருவில் பத்துக் குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அவர்கள் முறையே 1, 1, 2, 6, 28, 40, 58, 64, 70, 75 வயதுகளில் இறந்தார்கள். கூட்டினால் 345, பத்தால் வகுத்தால் சராசரி ஆயுள் 34.5. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், அந்தத் தெருவில் 35 வயதிலேயே கிழவர்களாகிச் செத்தார்கள் என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் அங்கே முப்பதுகளில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. குழந்தைப் பருவத்தைக் கடந்த ஆறு பேரை மட்டும் தனியே எடுத்தால் அவர்களுடைய சராசரி ஏறத்தாழ 56 ஆகிறது. 40 வயதில் இறந்தவர் முதல் கணக்கின்படி சராசரியைத் தாண்டியவர். இரண்டாவது கணக்கின்படி பதினாறு ஆண்டு முன்னதாகப் போனவர். அவருடைய மனைவிக்கு எந்தக் கணக்கு உண்மையாகப் பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கற்பனையை விட்டு உண்மையான ஒருவருக்கு வருவோம். கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். நிறைந்த வயது 32. 1911-21 பத்தாண்டில் இந்தியாவின் சராசரி ஆயுள், 1918 ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் கொள்ளைநோயும் சேர்ந்து, ஏறத்தாழ 20 ஆகத் தாழ்ந்திருந்தது. எண்ணை எண்ணோடு மோதவிட்டால் ராமானுஜன் சராசரியைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தவர் என்று ஆகிவிடும். அப்படிச் சொல்பவரை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஏன் ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்கான விடை அவருடைய வீட்டிலேயே இருக்கிறது. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஓராண்டை எட்டாமலே இறந்தன. அவரே இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். கொள்ளைநோயோடு சேர்ந்து சராசரியை 20 ஆக இழுத்துப் பிடித்தவை பெரும்பாலும் அந்தத் தொட்டில் சாவுகள்தான். அந்த ஆபத்துகளையெல்லாம் கடந்து வாலிபத்தை எட்டிய ஒருவர் அந்தக் காலத்திலும் ஐம்பதை நோக்கி நடந்திருக்க வேண்டியவரே. அவருடைய மனைவி ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 32 எவ்வளவு முன்னதான வயது என்பது விளங்கும்.

இதே காரணத்தால்தான் ‘அந்தக் காலத்தில் எல்லோரும் சீக்கிரம் செத்தார்கள்’ என்ற பேச்சும், அதற்கு நேர் எதிரான ‘அந்தக் காலத்தில் எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்ற பேச்சும் அரைகுறையானவை. இந்தியாவின் சராசரி ஆயுள் விடுதலைக் காலத்தில் ஏறத்தாழ 32. 1970-75 இல் 49.7, 2016-20 இல் 70. இந்த ஏற்றத்தில் ஒரு பெரும்பங்கு குழந்தைகள் பிழைத்ததால் கிடைத்தது. 1971 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 2020 இல் அது 28, தமிழ்நாட்டில் 13.

ஆயுள் அட்டவணையைப் படிக்கும் முறை

சரியான ஒப்பீட்டுக்கு உங்களுக்கு வேண்டியது ஆயுள் அட்டவணை. ஊரில் பதிவான இறப்புகளிலிருந்து இப்படி ஓர் அட்டவணையை அமைக்கலாம் என்பதை, இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரத்துப் பதிவுகளைக் கொண்டு 1693 இல் செய்து காட்டியவர், வால்மீனுக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலி. நம் நாட்டுக்கு, மாதிரிப் பதிவுத் திட்டத்தின் சுருக்க ஆயுள் அட்டவணைகளைப் பதிவாளர் தலைமை அலுவலகம் மாநில வாரியாகவும், ஆண் பெண் வாரியாகவும், நகரம் கிராமம் வாரியாகவும் வெளியிடுகிறது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தவரோ அந்த மாநிலத்தின் அட்டவணையையும், இறந்த ஆண்டுக்கு நெருக்கமான காலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பெண் வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. 2016-20 இல் ஆண்களின் சராசரி ஆயுள் 68.6, பெண்களுடையது 71.4.

அட்டவணையில் வயது ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பல நெடுவரிசைகளில் நமக்கு இரண்டு போதும். ஒன்று, ஒரு லட்சம் பேர் பிறந்ததாகக் கொண்டால் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்று காட்டுவது. மற்றொன்று, அந்த வயதை எட்டியவர் இன்னும் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார் என்று காட்டுவது. இந்தியாவில் 60 வயதை எட்டியவருக்கு மேலும் ஏறத்தாழ 18 ஆண்டு இருக்கிறது. அதாவது அவருடைய எதிர்பார்ப்பு 78, எல்லோரும் சொல்லும் 70 அன்று. நான் ‘நிறைவாழ்வு’ என்று எழுதிய 66 வயதுக்காரரின் கணக்கு இங்கேயே மாறிவிடுகிறது.

ஆனால் எஞ்சிய ஆயுளை மட்டும் நம்பினால் ஒரு வேடிக்கை நேரும். 90 வயதிலும் அட்டவணை சில ஆண்டுகளை மிச்சம் காட்டும். எந்த வயதிலும் மிச்சம் பூஜ்யமாவதில்லை. எனவே இறந்த வயதின் வரிசையை மட்டும் பார்த்தால் உலகில் எல்லாச் சாவும் அகாலச் சாவுதான். இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் வழி, முதலாவது நெடுவரிசையைப் பயன்படுத்துவது. பெரியவர்களுக்கு 20 வயதை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். 20 வயதில் எஞ்சியிருந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர், இவர் இறந்த வயதில் இன்னும் உயிரோடு இருப்பார்கள் என்று வகுத்துப் பார்க்கிறேன். கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம்: 20 வயதில் 95,000 பேர், 45 வயதில் 88,350 பேர், 66 வயதில் 66,500 பேர், 80 வயதில் 33,250 பேர். அப்படியானால் 45 வயதில் 93 விழுக்காட்டினரும், 66 வயதில் 70 விழுக்காட்டினரும், 80 வயதில் 35 விழுக்காட்டினரும் இருக்கிறார்கள். 66 போன்ற இடைப்பட்ட வயதுக்கு அட்டவணையில் தனி வரி இருக்காது. 65, 70 ஆகியவற்றின் எண்களுக்கு இடையே பங்கிட்டுக்கொள்ளலாம்.

என் சொந்த அளவுகோல் இதுதான்: உடன் வளர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் இன்னும் இருக்கும்போதே ஒருவர் போய்விட்டால் அது ஐயமின்றி அகாலம். பாதிப்பேருக்கு மேல் போன பிறகு போனால் அதை முதுமைச் சாவு என்று எழுதலாம். இடையில் விழுவோரைப் பற்றி அட்டவணை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. அங்கே வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஐந்தில் நான்கு என்பது எந்த ஆய்விலும் இருந்து எடுத்ததன்று. நினைவுக் குறிப்புகளை எழுதி எழுதி என் கைக்குப் பழகிய எல்லை. மேலே சொன்ன கற்பனைத் தெருவில் 32 வயதில் ஒருவர் இறந்திருந்தால், வளர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லைகள்

அட்டவணையைத் தேட நேரமில்லாதவர்கள், உலக அளவில் வழங்கும் ஒற்றை எல்லை ஒன்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அது யாருடைய எல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதய நோய், புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட மூச்சுநோய் ஆகியவற்றால் 30 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையே நேரும் இறப்பை அகால இறப்பாகக் கணக்கிடுகிறது. 2015 இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில், 2030 க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இந்த இறப்புகளைத்தான். 70 ஐத் தேர்ந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: அதற்கு மேல் பல நோய்கள் ஒரே உடலில் சேர்ந்துவிடுவதால், எது உயிரைக் கொண்டுபோனது என்று சான்றிதழில் துல்லியமாகப் பிரித்து எழுதுவது கடினமாகிறது. இந்தியாவில் 30 வயதை எட்டியவர் 70 க்குள் இந்த நான்கு நோய்களில் ஒன்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு. ஜப்பானில் ஏறத்தாழ 8.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் 75 க்கு உட்பட்ட இறப்புகளைத் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளின் பட்டியலுக்குள் பார்க்கிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இழந்த ஆண்டுகளைக் கணக்கிட ஒரு காலத்தில் 65 ஐ எல்லையாகக் கொண்டிருந்தது. உழைக்கும் வயதை மனத்தில் வைத்த எல்லை அது. நம் அரசு அலுவலகங்களும் ஏறத்தாழ இதையே பின்பற்றுகின்றன. பணிக்காலத்தில் இறந்த ஊழியரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தருகிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் இறந்தவரின் வாரிசுக்கு அது இல்லை. தமிழக அரசின் கோப்பு அகாலத்தை 60 இல் முடித்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இழந்த ஆண்டுகளைக் கணக்கிடுவது எளிது: எல்லையிலிருந்து இறந்த வயதைக் கழித்தால் போதும். ராமானுஜனுக்கு 70 ஐ எல்லையாக வைத்தால் 38 ஆண்டு. 75 ஐ வைத்தால் 43. உலக நோய்ச்சுமை ஆய்வின் முதல் பதிப்பு, ஜப்பானியப் பெண்களின் நீண்ட ஆயுளை மாதிரியாகக் கொண்டு பெண்ணுக்கு 82.5, ஆணுக்கு 80 என்று எல்லை வைத்தது. 2010 பதிப்பு இருபாலருக்கும் 86 ஆக உயர்த்தியது. எல்லை உயர உயர இழப்பும் பெருகும் என்பதால், ‘இத்தனை ஆண்டு இழந்தார்’ என்று எழுதும்போது எந்த எல்லையிலிருந்து என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுவதுதான் நேர்மை.

காரணத்தையும் வயதோடு சேர்த்துப் பாருங்கள்

ஒரே வயதில் நேர்ந்த இரண்டு சாவுகள் ஒரே அளவுக்கு அகாலமானவை ஆகமாட்டா. ஐரோப்பியப் புள்ளியியலார் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: நோயே வராமல் தடுத்திருக்கக்கூடியவை, வந்த பின் உரிய சிகிச்சையால் காப்பாற்றியிருக்கக்கூடியவை. ராமானுஜனுக்கு அவர் காலத்து மருத்துவர்கள் காசநோய் என்று சிகிச்சை அளித்தார்கள். 1994 இல் டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று கருதினார். அந்தக் கருத்து சரியானால், கண்டறிந்திருந்தால் அன்றைய மருத்துவத்திலேயே குணப்படுத்தக்கூடியதாக இருந்த நோய் அது. அப்போது 32 என்ற எண்ணின் கனம் இன்னும் கூடுகிறது.

புகைபிடித்தலைப் பற்றி ஒரு விவரம் இங்கே பயன்படும். பிரிட்டன் மருத்துவர்களிடையே 1951 இல் தொடங்கிய ஆய்வின் ஐம்பதாண்டு முடிவை, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால் 2004 இல் தமது 91 ஆம் வயதில் வெளியிட்டார். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தார்கள். 60, 50, 40, 30 வயதுகளில் விட்டவர்கள் முறையே ஏறத்தாழ 3, 6, 9, 10 ஆண்டுகளை மீட்டார்கள். இவை கூட்டத்துக்கு உரிய சராசரிகள். இன்ன மனிதர் புகைத்ததால் இத்தனை ஆண்டு இழந்தார் என்று ஒரு தனிமனிதரின் நினைவுக் குறிப்பில் எழுத இந்த ஆய்வு யாருக்கும் உரிமை தருவதில்லை.

வீட்டின் அளவுகோல்

அட்டவணை தீர்ப்புச் சொல்லாத இடைப்பட்ட வயதுகளில், நம் மக்கள் பழங்காலம் முதல் வைத்திருக்கும் அளவுகோலையே நான் நாடுகிறேன். அது வயதைவிட உறவையே அதிகம் பார்க்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா? பிள்ளைகள் தம் காலில் நிற்கிறார்களா? திருமணமாகாத மகளோ, பிறர் துணையின்றி வாழ முடியாத மகனோ இருக்கிறார்களா? நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தால், மற்ற எல்லா விடைகளும் அதன் முன் சிறுத்துப்போகின்றன. 70 வயது மகனுக்கு 92 வயதுத் தாய் வாய்க்கரிசி போடும்போது அந்த வீட்டில் யாரும் அட்டவணையைப் பார்ப்பதில்லை. அது புத்திர சோகம்.

பல ஊர்களில் தெருவில் எழும் ஒலியே இந்தத் தீர்ப்பை அறிவித்துவிடுகிறது. பேரன் கொள்ளுப்பேரன் கண்டவர் போனால் அது கல்யாணச் சாவு. தாரை தப்பட்டை முழங்க, வெடி வெடிக்க, பூப்பல்லக்கில் கொண்டுபோவார்கள். இளவயதில் ஒருவர் போனால் மேளம் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் தெருமுனையிலேயே நிலைமையைப் புரிந்துகொள்வார்.

சடங்குகளும் சில எல்லைக்கற்களை நட்டிருக்கின்றன. 60 நிறைந்தால் மணிவிழா. பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்துவிட்டது என்பது அதன் பொருள். அதற்கு முன்பே 59 நிறைந்ததும் உக்ரரத சாந்தி, 70 இல் பீமரத சாந்தி, 80 ஐ ஒட்டிச் சதாபிஷேகம். சாந்தி என்ற சொல்லைக் கவனித்தால், அந்த வயதுகளை ஆபத்தான திருப்பங்களாக முன்னோர் கருதினார்கள் என்று தோன்றுகிறது. சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்ட விழா என்பார்கள். முழுநிலவுக்கு முழுநிலவு 29.53 நாள் என்று பெருக்கிப் பார்த்தால் ஆயிரம் நிலவுக்கு 80 ஆண்டு 10 மாதம் ஆகிறது. மக்களில் பெரும்பாலோர் எட்டாத வயதுக்கு விழா வைத்திருந்தவர்கள், நிறைவாழ்வின் எல்லை எங்கே என்பதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதோடு ஆயுள் முடிய வேண்டிய மார்க்கண்டேயனுக்காக எமன் உதைபட்டதாகச் சொல்லப்படும் திருக்கடவூரில்தான் இந்த விழாக்களை நடத்துவதற்கு இன்றும் தம்பதியர் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த வீட்டு அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. அது திருமணமாகாதவரையும் பிள்ளையில்லாதவரையும் சரியாக அளப்பதில்லை. 85 வயதில் இறந்த பிரம்மச்சாரிக்கு நெய்ப்பந்தம் இல்லை என்பதற்காக அவர் வாழ்வு குறைபட்டதாக எழுதுவது அநியாயம். பிறந்து சில நாளில் இறக்கும் குழந்தையையும் அது கண்டுகொள்வதில்லை. பல சமூகங்களில் சிசுவைச் சடங்கின்றிப் புதைத்துவிடுவார்கள். குடும்ப வரலாற்றில் அதற்குப் பெயரும் இருக்காது. ஆனால் 2020 இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு ஐந்து வயதுக்குள் இறந்த 32 குழந்தைகளில் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் போய்விட்டவை. குடும்ப வரலாறு எழுதுவோர் ‘தங்கியவர்கள் நால்வர்’ என்ற வரியோடு நிறுத்தாமல், தங்காதவர்களையும் பிறந்த ஆண்டோடு எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டின் மிக மூத்த பெண்மணியிடம் தனியாகக் கேட்டால் விவரம் கிடைக்கும், மறந்திருக்க மாட்டார்கள்.

எழுதும்போது

துக்க வீட்டில் இந்தக் கணக்குகளில் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ‘சாகிற வயசா இது’ என்பதை வீட்டார் சொல்லலாம், நாம் ஆமோதிக்கலாம். ‘வயசாயிடுச்சு, என்ன செய்வது’ என்பதை வீட்டார் சொன்னால் மட்டும் தலையசைக்கலாம். நாமாக முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. கணக்கு நம் எழுத்தறையில் இருக்கட்டும்.

சுவரொட்டியிலும் மலரிலும் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு நாட்களையும் கொடுத்துவிட்டால் வயதை வாசகரே கணக்கிட்டுக்கொள்வார். பெயரடை தேவையில்லாமலே போகலாம். தேவை என்று தோன்றினால், 20 வயது அடிப்படையிலான கணக்கு ஐந்தில் நான்குக்கு மேல் வரும்போது ‘இளவயதில்’ அல்லது ‘வாழ வேண்டிய வயதில்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். 50 வயதுக்காரரைப் பற்றி இப்படி எழுதினால் சிலர் புருவம் உயர்த்துவார்கள், ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இருக்கும். முதுமை தெளிவாக இருக்கும்போது ‘நிறைவாழ்வு’ பொருந்தும், அதுவும் பெற்றோரோ மனைவியோ கணவரோ அந்தச் சொல்லைப் படித்து வருந்தமாட்டார்கள் என்று உறுதியான பிறகு. இடைப்பட்ட வயதுக்கு எந்தப் பெயரடையும் இல்லாமல், யாரை விட்டுப் பிரிந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த ஆண்டு மலரில் அந்த 66 வயதுக்காரரின் முதலாண்டு நினைவுக் குறிப்பை நானே மீண்டும் எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். ‘தம் 66 ஆம் வயதில், தாயாரையும் மனைவியையும் இரு மகன்களையும் விட்டுப் பிரிந்தார்’ என்று இருந்தது. அவர் கேட்டுவிட்டு, மகனுடைய பிறந்த மாதம் ஆடி இல்லை, ஆவணி என்று திருத்தினார்.